மாமாவின் இடது கால்

என் மாமாவுக்கு ஒரு கொள்கை உண்டு. பஸ்ஸில் ஜன்னலோர ஸீட் கிடைத்துவிட்டால், ஊர் வந்து சேரும்வரை எழுந்திருக்க மாட்டார். நடுராத்திரியில் ஏதோ ஒரு மோட்டலில் பஸ் நிற்கும். எல்லோரும் இறங்கி, ஆறிப்போன புரோட்டாவுக்கு அநியாய விலை கொடுத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே ஏறுவார்கள். மாமா மட்டும் துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு கல்தூண் மாதிரி உட்கார்ந்திருப்பார். "இறங்கினாத்தானே மாப்ளே செலவு?" என்பார். தண்ணீரும் குடிக்க மாட்டார். குடித்தால் இறங்க வேண்டி வருமே!

2024 ஜூனில் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு இப்படி ஒரு தவம். ஒரே நாள் இடைவெளியில் திரும்பி வரும்போது இன்னொரு தவம். வந்த மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், வலது கால் வழக்கமான மாமாவின் கால். இடது கால் மட்டும் யாரோ பயில்வானிடம் இரவல் வாங்கியது மாதிரி கெண்டைச் சதையில் விண்ணென்று வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது.

உடனே மெடிக்கல் போர்டு கூடியது. அத்தை "சுளுக்கு" என்றாள். மேல் வீட்டுக்காரர் "வாயு" என்றார் (அவருக்கு எல்லாமே வாயு). நான் பி.காம். என்பதால் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. மாமாவுக்கு மூத்தவளான என் அம்மா, விவாதத்தில் கலந்துகொள்ளாமல் நேரே போய் நல்லெண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டாள். கால் வலி என்றால் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது எங்கள் குடும்பத்தில் அம்மாவின் இலாகா.

அந்த நேரம் பார்த்து, இரவல் வாங்கிப் போன இட்லிப் பானையைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டு ஸிஸ்டர் வந்தார். ரிடயர்டு நர்ஸ். தெருவே அவரை ஸிஸ்டர் என்றுதான் கூப்பிடும். இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தவர், பானையைக் கீழே வைத்தார்.

"யாரும் கை வைக்காதீங்க. ஆட்டோ கூப்பிடுங்க."

"எண்ணெய் காயுது. லேசா தேய்ச்சு விட்டுட்டு..." என்றாள் அம்மா.

"தேய்க்கவே கூடாது."

"லேசாக்கூடவா?"

"லேசாக்கூட."

அடுப்பை அணைக்க உள்ளே போன அம்மா வெகுநேரம் வெளியே வரவில்லை. அதைப் பார்த்தேனே தவிர, கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். காலின் உள்ளே ஆழமாக ஓடும் சிரை ஒன்றில் ரத்தம் உறைந்து கட்டியாக அடைத்துக்கொண்டிருந்தது. அது அங்கேயே உட்கார்ந்திருந்தால் கால் வீக்கத்தோடு போயிற்று. பிய்த்துக்கொண்டு கிளம்பினால் இதயத்தின் வலப்பக்கம் வழியாகப் போய் நுரையீரலை அடைக்கும். மூச்சு முட்டி ஆள் அங்கேயே முடிந்துபோகலாம். உருவிவிட்டால் கிளப்பிவிடும் அபாயம் உண்டு. அதனால்தான் ஸிஸ்டர் பானையைக் கீழே வைத்தார்.

"பஸ்ல சும்மா உக்காந்ததுக்கா ஸார் இது?" என்று கேட்டேன். டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும். "உக்காந்தே இருந்தா கால்ல ரத்தம் தேங்கும். 1940-ல லண்டன்ல என்ன ஆச்சு தெரியுமா?" என்றார். அந்த வருஷம் ஜெர்மன்காரர்கள் குண்டு போட, ஜனங்கள் பதுங்குமிடங்களில் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தபடி ராத்திரிகளைக் கழித்திருக்கிறார்கள். குண்டுக்குத் தப்பியவர்களில் சிலர், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்துச் செத்துப்போனார்கள். நாற்காலியின் முன்பக்கக் கட்டை தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தி, ரத்தத்தைத் தேங்க வைத்திருக்கிறது. கெய்த் சிம்ஸன் என்கிற டாக்டர் அந்தச் சாவுகளைக் கவனித்து எழுதினார். மாமாவுக்கு இதைச் சொன்னேன். "எனக்கு புஷ்பேக் ஸீட் மாப்ளே" என்றார்.

ஆனால் டாக்டர் சொன்ன இன்னொரு வாக்கியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. "ரத்தம் உறையறது பெரிய விஷயமில்ல ஸார். உள்ள ஓடும்போது உறையாம இருக்கு பாருங்க, அதுதான் பெரிய விஷயம்."

ரத்தம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்பு மை அளவுதான். நஷ்டத்தை அதில் எழுதுவார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு நாள் உட்கார்ந்து, அந்த டாக்டரை நச்சரித்து, அவருடைய பழைய பாடப் புத்தகத்தையும் இரவல் வாங்கிப் படித்ததில் தெரிந்தது: இது என் ஸப்ஜெக்ட்தான். டெபிட், கிரெடிட்!

டெபிட் பக்கம், உறைய வைக்கிற கோஷ்டி. இவர்களுக்கு ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை ரோமன் நம்பர் போட்டிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டுதான் வரும். ஆறாம் நம்பர் கிடையாது. ஐந்தாம் நம்பர் ஆசாமிதான் வேஷம் மாற்றிக்கொண்டு ஆறாம் நம்பராகவும் வந்திருக்கிறான் என்று பின்னால் தெரிந்து, பெயரை அடித்துவிட்டார்கள். ரேஷன் கார்டில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருந்த கதை!

இவர்கள் எல்லோரும் ரத்தத்தில் சும்மா மிதந்துகொண்டிருப்பார்கள். எங்கேயாவது குழாயில் ஓட்டை விழுந்தால் ஒருத்தன் விழித்துக்கொண்டு அடுத்தவனை எழுப்புவான். 'நீங்கள் பத்துப் பேரைச் சேர்த்துவிடுங்கள், அந்தப் பத்துப் பேர் ஆளுக்குப் பத்துப் பேரை...' என்று நம் வீட்டுக்கு டை கட்டிய இளைஞர்கள் வருவார்களே, அதே திட்டம்தான். படிக்குப் படி கூட்டம் பெருகி, கடைசியில் த்ராம்பின் என்கிற முக்கியப் புள்ளி உற்பத்தியாகிறான். இவன் ரத்தத்தில் கரைந்திருக்கிற ஃபைப்ரினோஜனை, கரையாத ஃபைப்ரின் நூலாக்குகிறான். நூல் வலையாகிறது. ஓட்டை அடைபடுகிறது.

நல்லதுதான். ஆனால் த்ராம்பினுக்கு ஒரு கெட்ட பழக்கம். வந்த வேலையை முடித்ததோடு நிற்காமல், தன்னை உண்டாக்கிய ஐந்தாம் நம்பரையும் எட்டாம் நம்பரையும் போய் முடுக்கிவிட்டு, இன்னும் இன்னும் த்ராம்பினை உண்டாக்கச் சொல்வான். இப்படியே விட்டால், கத்தரிக்காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால், விரலில் ஆரம்பித்த உறைவு மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறி வந்துவிட வேண்டாமா? வருவதில்லை. விரலோடு நிற்கிறது. ஏன்?

அதுதான் கிரெடிட் பக்கம். உறைவதைத் தடுக்கிற சரக்கை உடம்பே தயாரித்து ரத்தத்தில் கலந்து வைத்திருக்கிறது.

முதல் ஆள் ஆன்டித்ராம்பின். கல்லீரலில் தயாராகிறது. ஒரு த்ராம்பினுக்கு ஓர் ஆன்டித்ராம்பின் என்று கணக்கு. திருடனைப் பிடித்த கான்ஸ்டபிள் தன் கையையும் அவன் கையையும் ஒரே விலங்கில் பூட்டிக்கொண்டு, இரண்டு பேருமாகவே கணக்கிலிருந்து காணாமல் போவார்கள். சுபாவத்தில் மெத்தனமான கான்ஸ்டபிள். ஆனால் ஹெப்பாரின் என்கிற பொருள் பக்கத்தில் நின்று உசுப்பினால், ஆயிரம் மடங்கு வேகம் வந்துவிடும். ஹெப்பாரின் தானாக யாரையும் பிடிப்பதில்லை. சும்மா மேலிடத்து சிபாரிசு! நம் ரத்தக் குழாயின் உள்சுவரில் இதே ஜாதிச் சங்கிலிகள் முளைத்திருக்கின்றன. அதனால் சுவரோரம் எப்போதும் ரோந்து பலமாக இருக்கிறது.

இரண்டாவது ஏற்பாடுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. புண்ணில்லாத ஆரோக்கியமான குழாய்ச் சுவரில் த்ராம்போமாடுலின் என்று ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டை விழுந்த இடத்திலிருந்து தப்பி மிதந்து வருகிற த்ராம்பின் அதில் மாட்டிக்கொண்டால், அந்த நிமிஷத்திலிருந்து அவன் வேறு ஆள். ஃபைப்ரினோஜனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அதற்குப் பதிலாகப் புரோட்டீன் சி என்பதை எழுப்பிவிடுவான். புரோட்டீன் சி, தன் அஸிஸ்டென்ட் புரோட்டீன் எஸ்ஸையும் கூட்டிக்கொண்டு போய், த்ராம்பின் தயாரிக்க ஒத்தாசை செய்கிற ஐந்தாம் நம்பரையும் எட்டாம் நம்பரையும் வெட்டிப் போட்டுவிடும். உற்பத்தி க்ளோஸ். ஊரைக் கலக்கிய ரவுடியைப் பிடித்து அதே ஊருக்குக் கூர்க்காவாகப் போட்டு, விசில் கையில் கொடுத்த மாதிரி! ஓட்டை இருக்கிற இடத்தில் ரவுடி வேண்டும், ஓட்டை இல்லாத இடத்தில் அவனே காவல்காரன். எந்தக் கம்பெனியிலும் இவ்வளவு சிக்கனமான நிர்வாகத்தைப் பார்த்ததில்லை.

மூன்றாவதாக, இந்தச் சங்கிலித் திட்டம் ஆரம்பிக்கிற வாசலிலேயே நின்று ஆளைத் திருப்பி அனுப்புகிற ஒரு பொருளும் உண்டு. அதன் பெயர் விஸிட்டிங் கார்டில் அடங்காது, விட்டுவிடுவோம்.

2020, 2021-ல் கொரோனா வந்தபோது 'டி-டைமர்' என்ற வார்த்தையை ஊரே பேசியது ஞாபகம் இருக்கும். "உங்களுக்கு எவ்வளவு?" என்று பிளஸ் டூ மார்க் மாதிரி விசாரித்துக்கொண்டோம். அது வேறொன்றுமில்லை. உறைந்த ஃபைப்ரின் வலையை உடம்பு துண்டு துண்டாகக் கரைக்கும்போது விழுகிற நறுக்கு. நறுக்கு அதிகமென்றால் எங்கோ வலை நிறைய பின்னப்படுகிறது என்று சந்தேகம். மாமாவுக்கும் எகிறியிருந்தது.

மாமாவுக்கு வயிற்றில் தினமும் ஊசி. ஹெப்பாரின் வகை. மாமா சுத்த சைவம். முட்டை போட்டிருக்குமோ என்று பயந்து பேத்தியின் பிறந்தநாள் கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுப்பவர். இந்த மருந்தைப் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்பக்கச் சவ்விலிருந்துதான் எடுக்கிறார்கள் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் உளறிவிட்டேன். மாமா கண்ணை மூடிக்கொண்டார். அத்தை என்னை முறைத்தாள். ஐந்து நிமிஷம் கழித்து மாமா, "வாய் வழியா போகலைல்ல மாப்ளே? அப்ப கணக்கில்ல" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார். (மரபணுவை மாற்றிய வெள்ளாடுகளின் பாலிலிருந்து ஆன்டித்ராம்பினே எடுத்து, அந்த மருந்துக்கு 2006-ல் ஐரோப்பாவிலும் 2009-ல் அமெரிக்காவிலும் அனுமதி தந்தார்கள் என்று படித்தேன். மாமாவுக்கு அதுதான் பொருத்தமாக இருந்திருக்கும்.)

இந்த ஹெப்பாரின் கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு தமாஷ். 1916. அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ். ஜே மெக்லீன் என்று ஒரு மருத்துவ மாணவன். கையில் காசில்லாமல், தங்கச் சுரங்கத்திலெல்லாம் வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு படிக்க வந்தவன். புரொபஸர் வில்லியம் ஹொவல் அவனிடம் கொடுத்த வேலை, ரத்தத்தை உறைய வைக்கிற பொருளைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது. மூளை, இதயம், கல்லீரல் என்று ஒவ்வொன்றிலிருந்தாக எடுத்தான். கல்லீரல் சரக்கைக் கொஞ்ச நாள் வைத்திருந்து சோதித்தால், உறைய வைக்க வேண்டியது உறையவிடாமல் தடுக்கிறது!

புரொபஸர் நம்பவில்லை. புரொபஸர்கள் எங்கேயும் ஒரே மாதிரிதான். மெக்லீன் என்ன செய்தான், ஒரு சின்ன பீக்கரில் பூனை ரத்தத்தைப் பிடித்து, அந்தச் சரக்கைக் கலக்கி, ஹொவலின் மேஜைமேல் வைத்து, 'உறைந்ததும் சொல்லுங்கள் ஸார்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அது கடைசிவரை உறையவேயில்லை. 1918-ல் ஹொவல் 'ஹெப்பாரின்' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் ஹெப்பார் என்றால் கல்லீரல். மெக்லீன் பிரித்ததும் இன்றைக்கு நாம் ஹெப்பாரின் என்று சொல்வதும் ஒரே பொருள்தானா என்று பிற்பாடு சண்டை வந்தது. ஒன்றில்லை என்றுதான் பலர் சொல்கிறார்கள். எப்படியோ, 1930-களில் கனடாவின் டொராண்டோவில், இன்சுலின் புகழ் சார்லஸ் பெஸ்ட்டின் கோஷ்டி அதைச் சுத்தம் செய்து, மனுஷர்களுக்குக் கொடுக்கிற பதத்துக்குக் கொண்டுவந்தது.

ஊசியோடு மாமாவுக்கு வார்ஃபரின் மாத்திரையும் ஆரம்பித்தார்கள். "மாத்திரைதான் இருக்கே, ஊசி எதுக்கு?" என்று மாமா பேரம் பேசிப் பார்த்தார். டாக்டர் சொன்ன காரணம் நன்றாக இருந்தது. வைட்டமின் கே இல்லாமல் சில உறைய வைக்கும் பொருள்கள் ஒழுங்காகத் தயாராகாது. வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலையைக் கெடுக்கிறது. ஆனால் புரோட்டீன் சி, எஸ் இரண்டுக்கும் அதே வைட்டமின்தான் ஆதாரம். அதிலும் புரோட்டீன் சி-க்கு ஆயுள் குறைச்சல், முதலில் தீர்ந்துபோகும். கம்பெனியை மூடுகிறேன் பேர்வழி என்று முதல் நாளே ஆடிட்டரை வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? முதல் சில நாள் உறைகிற கோஷ்டியின் கை ஓங்கும். அந்தச் சில நாளைக்குத்தான் ஊசி.

ஆறு மாசம் மாத்திரை. ஸிஸ்டரின் மேற்பார்வையில் மாமா ஒழுங்காகச் சாப்பிட்டார். பஸ்ஸில்தான் வந்தது என்று எல்லோரும் விஷயத்தை மூடிவிட்டோம். டாக்டர் மூடவில்லை. "உங்க அப்பா எப்படி இறந்தார்?" என்று மாமாவைக் கேட்டார்.

"மாரடைப்பு. நாப்பத்துநாலு வயசு. கால்ல அடிபட்டுப் படுத்திருந்தவர். எனக்கு அப்ப அஞ்சு வயசு."

டாக்டர் பேனாவை மூடினார். மாத்திரையை நிறுத்தி ஒரு மாசம் கழித்து வரச் சொன்னார். வார்ஃபரின் சாப்பிடும்போது சி, எஸ் இரண்டும் குறைந்தே காட்டும், டெஸ்ட் எடுத்துப் பிரயோஜனமில்லை. 2025 ஜனவரியில் ரத்தம் எடுத்தார்கள். புரோட்டீன் எஸ் நூறுக்கு அருகில் இருக்க வேண்டியது, 32. நம்பிக்கையில்லாமல் மறுபடி எடுத்தார்கள். 34.

இந்த சி, எஸ் பெயர்களில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. 1976-ல் ஸ்வீடனில் யோஹான் ஸ்டென்ஃப்ளோ மாட்டு ரத்தத்திலிருந்து பொருள்களைப் பிரித்தபோது, மூன்றாவதாக வந்த பங்கில் இருந்தது. ஏ, பி, சி-யில் சி. அடுத்த வருஷம் அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்து ஆய்வுக்கூடம் இன்னொன்றைப் பிரித்தது, ஸியாட்டிலின் எஸ். நம்மூரில் கண்டுபிடித்திருந்தால் புரோட்டீன் தி என்றிருக்கும். இப்படிக் கிரெடிட் பக்கம் குறைவாகப் பிறக்கிற குடும்பங்கள் உண்டு என்று முதலில் காட்டியவர் நார்வேயில் எகெபெர்க் என்கிற டாக்டர், 1965-ல், ஆன்டித்ராம்பின் விஷயத்தில். புரோட்டீன் எஸ் குறைந்தாலும் இதே கதைதான் என்று தெரிந்தது 1984-ல்.

இன்னொரு ரகமும் உண்டு. புரோட்டீன் சி சரியாகவே இருக்கும், ஆனால் வெட்டுப்பட வேண்டிய ஐந்தாம் நம்பர் வெட்ட வந்தால் பிடி கொடுக்காது. 1993-ல் ஸ்வீடனின் டால்பெக் இதைக் கவனித்தார். 1994-ல் ஹாலந்தின் லைடன் நகரத்தில் காரணமான மரபணுப் பிழையைப் பிடித்தார்கள். அதற்கு அந்த ஊர்ப் பெயரே வைத்துவிட்டார்கள். ஐரோப்பிய வம்சத்தில் சுமார் நூற்றுக்கு ஐந்து பேரிடம் அது இருக்கிறது. இந்தியாவில் அதைவிடக் குறைவு. பாதிப் பேருக்கு மேல் தங்களிடம் இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

ரத்தம் நிற்காத வியாதி என்றால் சின்ன வயசிலேயே தெரிந்துவிடும்; ராஜ குடும்பத்துக் கதையெல்லாம் உண்டு. இந்தப் பக்கம் குறைந்தால் சத்தமே கிடையாது. உட்கார்ந்த இடத்தில் வருஷக்கணக்காக ஒன்றும் ஆகாது. கால் உடைந்து படுத்தால், ஆபரேஷன் என்றால், நீண்ட பயணம் என்றால், பிரசவம் என்றால் அன்றைக்குப் பேரேட்டைத் திறக்கும்.

பிரசவம். இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பெற்றோரில் ஒருவருக்கு இந்தக் குறை இருந்தால் பிள்ளைக்கு வர ஐம்பது சதவீதம். தாத்தாவுக்கு இருந்திருந்தால் அம்மாவுக்கு ஐம்பது. எனக்கு இருபத்தைந்து, என் தங்கைக்கும் இருபத்தைந்து. என் தங்கை அப்போது ஐந்து மாசம், இரண்டாவது. அவளையே டெஸ்ட் பண்ணிவிடலாமே என்றால் முடியாது. கர்ப்பத்தில் புரோட்டீன் எஸ் எல்லோருக்குமே இறங்கும், குறைவு எது, கர்ப்பம் எது என்று பிரிக்க முடியாது. "உங்க அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கு நார்மல்னா இந்தக் கேள்வியே இல்ல" என்றார் டாக்டர்.

அம்மா வரமாட்டேன் என்றாள்.

"அறுபத்திரண்டு வருஷமா ஓடற ரத்தம். இப்ப என்ன பரீட்சை அதுக்கு?" ஒரு வாரம் நான் கெஞ்சினேன், மாமா கெஞ்சினார், ஸிஸ்டர் வந்து பேசினார். அம்மா ஸிஸ்டர் முகத்தையே பார்க்கவில்லை. இட்லிப் பானை இரவல்கூட நின்றுபோயிற்று. ஒரு நாள் ராத்திரி நான் குரலை உயர்த்திவிட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள்.

"எங்க அப்பாவுக்குக் கால்ல எண்ணெய் தேய்ச்சது யாரு தெரியுமா?"

1975. தாத்தா ஸைக்கிளிலிருந்து விழுந்து, மூன்று வாரம் காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். கட்டை அவிழ்த்ததும் கால் வீங்கியது. தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது பன்னிரண்டு வயது அம்மாவின் வேலை. அன்றைக்கும் தேய்த்தாள். 'இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய் தாயி' என்றாராம். தேய்த்தாள். கொல்லைப்பக்கம் போக எழுந்தவர், மூச்சு வாங்கி, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே சரிந்துவிட்டார். ஊரே மாரடைப்பு என்றது.

"அம்பது வருஷமா நானும் மாரடைப்புன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். பானையைக் கீழ வச்சிட்டு அந்தப் பொம்பள சொல்ற வரைக்கும்."

எனக்குத் தெரிந்ததெல்லாம் வருஷங்கள்தான். அதைத்தான் சொன்னேன். அம்மா, தாத்தா போனது 1975. புரோட்டீன் எஸ்ஸுக்கு அப்போது பெயரே வைக்கவில்லை. 1977-ல்தான் பிரித்தெடுத்தார்கள். அது குறைந்தால் கால் இப்படி ஆகும் என்று தெரிந்தது 1984-ல். உனக்கு அப்போது இருபத்தோரு வயசு. அந்தக் கட்டி யாரும் தேய்க்காமலே, அவர் எழுந்து நின்றதற்கே கிளம்பியிருக்கலாம். மூன்று வாரம் படுத்தவர்களுக்கு அப்படித்தான் நடக்கும். தேய்த்ததால்தான் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

"தேய்க்கலைன்னு சொல்ல முடியுமா?" என்றாள் அம்மா. குழாயைத் திறந்துவிட்டாள். இந்தக் கணக்கை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் நான் எழுந்திருப்பதற்குள் குளித்து, பையை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்றாள். "சின்னவளுக்கு ஆகணும்ல" என்றாள்.

ரத்தம் எடுத்த பெண் பஞ்சை வைத்து, அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். அம்மா இரண்டு நிமிஷத்தில் எடுத்துப் பார்த்து, "நின்னுடுச்சு" என்றாள். அந்தச் சின்ன ஓட்டையில் நின்றிருந்தது. அதற்கு மேல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ரிப்போர்ட்டில் 38. இரண்டு பிரசவம், ஒரு கர்ப்பப்பை ஆபரேஷன், கணக்கில்லாத திருச்செந்தூர் பஸ்கள் எல்லாவற்றையும் அதை வைத்துக்கொண்டே தாண்டியிருக்கிறாள். டாக்டரே கொஞ்ச நேரம் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தங்கையைப் பார்க்கிற டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டார். பிரசவத்துக்கு அப்புறம் ஆறு வாரம்தான் அபாயம் ஜாஸ்தி, அந்த ஆறு வாரமும் தினமும் ஊசி என்று முடிவாயிற்று. மாமாவுக்கு மறுபடி மாத்திரை. நானும் ரத்தம் கொடுத்தேன். என் நம்பர் 91, பிளஸ் டூ கணக்கில்கூட வாங்காத மார்க்.

2025 ஜூலையில் தங்கைக்குப் பெண் குழந்தை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தினமும் காலை எட்டு மணிக்கு ஸிஸ்டர் வந்து வயிற்றில் ஊசி போடுவார். ("பன்னியாமே?" என்றாள் தங்கை. "மாமாகிட்ட சொல்லாத, இவ சாப்பிடறவ" என்றாள் அம்மா.) முதல் நாள் ஊசியை எடுத்ததும் ஸிஸ்டர் வழக்கம்போல் சொன்னார், "போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது."

"தெரியும்" என்றாள் அம்மா. அவருக்குக் காப்பி கலக்க உள்ளே போனாள்.